மாதாவுக்கு இரண்டு மூக்கு

“அக்கா, மாதாவுக்கு ரெண்டு மூக்கு வந்திருக்குது.”

பிளேட் அறை வாசலில் நின்று ஆரோக்கியம் இப்படிச் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் மெஷினிலிருந்து உருவிய தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான். மை காயாததால் ஓரத்தை மட்டும் விரல் நுனியால் பிடித்திருந்தான்.

ஆரோக்கியம் எங்கள் அச்சகத்தின் மெஷின்மேன். நான் பிளேட் போடுகிறவள். படமும் எழுத்தும் பதிந்த அலுமினியத் தகட்டை நான் தயார் செய்து கொடுத்தால், அதை மெஷினில் மாட்டி அவன் அச்சடிப்பான். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன், பெண்ணாடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன். அவனுக்கு நான் அக்கா. எனக்கு அவன் கோபம் வந்தால் ‘டேய்’, மற்ற நேரத்தில் தம்பி.

தாளை வாங்கிப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் வைத்து விற்கும் அட்டைப்பெட்டிக்கான படம் அது. எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகள்தான். இடது ஓரத்தில் மாதா, நடுவில் வைக்கோல் மேல் குழந்தை, வலது ஓரத்தில் மூன்று ராஜாக்கள். மாதாவின் மூக்குக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பில் இன்னொரு மூக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. முக்காட்டின் நீலம் முக்காட்டை விட்டு வெளியே வழிந்திருந்தது. ராஜாக்கள் மட்டும் பளிச்சென்று நின்றார்கள்.

“இந்தப் பக்கம் சேருதுக்கா. அந்தப் பக்கம் சேரல. ஒருவேள பிளேட்டு கோணலா இருக்குமோ?” என்றான், மெதுவாக.

“என் பிளேட்டா?” என்றேன் நான்.

இந்த வாரம் எழுதப்போவது அந்த ‘என் பிளேட்டா’வைப் பற்றித்தான். நான் செய்த நல்லதுகளை இதுவரை நிறைய எழுதியாயிற்று. நீங்களும் பொறுமையாகப் படித்தீர்கள்.

உருளையும் மூன்று பின்களும்

‘பிளேட் போட்டேன், பிளேட் போட்டேன் என்கிறீர்களே, ஹோட்டலிலா வேலை பார்த்தீர்கள்?’ என்று சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கதைக்குள் போகும் முன் அவருக்குச் சொல்லிவிடுகிறேன்.

கலர் படம் என்பது நான்கு படம். நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நிறத்துக்கு ஒரு பிளேட். நான்கும் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழுந்தால்தான் முகம் முகமாக இருக்கும். இதைத்தான் நாங்கள் ‘கலர் சேருது, சேரல’ என்போம். தாளின் நான்கு மூலையிலும் சின்னக் கூட்டல் குறிகள் இருக்கும். நான்கு நிறத்துக் குறிகளும் ஒரே குறியாகத் தெரிந்தால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆரோக்கியம் அதை லென்ஸ் வைத்துப் பார்ப்பான்.

என்னுடைய மெஷின் ஒரு பீரோவைப் படுக்கவைத்த அளவு இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே பெரிய உருளை. டிரம் என்போம். பிளேட்டைத் தட்டில் கிடத்தி, முன் விளிம்பு டிரம்மிலிருக்கும் இரண்டு பின்களைத் தொடும்வரை தள்ள வேண்டும். பக்கவாட்டு விளிம்பு இன்னொரு பின்னைத் தொட வேண்டும். ஆக மூன்று பின்கள், ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை அளவு. தொட்டதும் கிளாம்ப் கடித்துக்கொள்ளும். டிரம் ஒரு சுற்று சுற்றி பிளேட்டைத் தன்மேல் சுருட்டிக்கொள்ளும். பிறகு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழலும். பக்கத்தில் லேசர் தலை ஒன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஊர்ந்தபடி புள்ளி புள்ளியாக எழுதும்.

நான்கு பிளேட்டும் அந்த மூன்று பின்களையும் ஒரே மாதிரி தொட்டால் போதும். மற்றதை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

பிளேட் சரியாகத் தொட்டதா என்று தானே சோதிக்கும் வசதியும் அந்த மெஷினில் இருந்தது. ஆனால் அது சென்னையிலிருந்து பழசாக வந்தது. சென்னையில் ஒழுங்காக இருந்திருக்கும். எங்கள் ஊரில் ஜன்னல் கம்பியில் விரல் வைத்தால் விரல் வெள்ளையாக வரும். பீங்கான் பட்டறைக் களிமண் தூசி. ஒரு துளி தூசி பட்டாலும் ‘பிளேட் தொடவில்லை’ என்று மெஷின் அழும். நாளுக்கு இருபது தடவை அழுதது. கடைசியில் சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் அலுத்துப்போய் அந்த வசதியை அணைத்துவிட்டார்.

“இனிமே நீங்கதான்மா பாத்துக்கணும்” என்றார்.

“நான் பாத்துக்கறேன்” என்றேன்.

பார்த்தும்கொண்டேன். பிளேட் பின்னைத் தொடும்போது மெல்லிசாக ஒரு ‘டிக்’ வரும். காதுக்குக் கேட்பதைவிட விரலுக்குத்தான் நன்றாகத் தெரியும். மூன்று டிக் வந்தால் கிளாம்ப்பைப் போடுவேன். வருஷக் கணக்கில் என் விரல் பொய் சொன்னதில்லை. வேப்பூர், பெண்ணாடம் அச்சகங்களும் என்னிடம்தான் பிளேட் வாங்கின. தலைக்கனம் ஏறாமல் இருக்க நான் என்ன சாமியாரா?

பஸ்ஸில் வந்த காலம்

இந்த மெஷின் வருவதற்கு முன்னால் பிளேட்டுகள் புதுச்சேரியிலிருந்து பஸ் பார்சலில் வந்தன. நானும் ஆரோக்கியமும் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்போம். ஒரு முறை எங்கள் பார்சல் மேல் யாரோ பலாப்பழ மூட்டையை இறக்கிவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் நான்கு பிளேட்டும் கூரை ஓடு போல வளைந்திருந்தன. நான் கண்டக்டரிடம் சண்டைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டே கூடிவிட்டது.

நான் சண்டையை முடித்துத் திரும்பியபோது ஆரோக்கியம் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பிளேட்டைத் தொடைமேல் வைத்து உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தான். “ஒண்ணும் இல்லடா கண்ணு, சரியாப் பூடும்” என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தான். பிளேட்டிடம்தான்! அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. மை ரோலரிடம் பேசுவான். தாள் கட்டிடம் பேசுவான். மனிதர்களிடம் பேசுவதுதான் குறைவு.

அன்றைக்கு அந்த வளைந்த பிளேட்டுகளை மாட்டியே கலரைச் சேர்த்து அச்சடித்துக் கொடுத்தான். ஒரு மூலையில்கூடப் பிசிறு இல்லை. கோணல் பிளேட்டிலேயே நேராக அடிக்கத் தெரிந்தவன் அவன். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும்தான் அடுத்து நடந்ததைச் செய்தேன்.

கண்ணாடி போடு

இரண்டு மூக்குத் தாளைப் பார்த்ததும், அவன் வாயை அடைப்பதற்காகவே நான்கு பிளேட்டையும் புதிதாகப் போட்டேன். இந்த முறை மாதாவின் மூக்கு ஓரளவு அடங்கியது. ஆனால் குழந்தைக்கு இரண்டு மோவாய். மறுபடி போட்டேன். இப்போது நீலம் வேறு பக்கம் போனது.

“பாத்தியா?” என்றேன் வெற்றிக் களிப்புடன். “என் பிளேட்டுல தப்புன்னா ஒவ்வொரு வாட்டியும் ஒரே மாதிரிதானே தப்பு வரணும்? மாறி மாறி வருதுன்னா உன் மெஷின்லதான் கோளாறு.”

யோசித்துப் பார்த்தான். “அதுவும் சரிதான்க்கா” என்றான்.

அடுத்த மூன்று நாள் அவன் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ரோலர்களைக் கழற்றித் துடைத்தான். ரப்பர் விரிப்பை மாற்றினான். தாளைப் பிடித்து இழுக்கும் பற்களை ஒவ்வொன்றாகச் சோதித்தான். மழை ஈரத்தில் தாள் விரிந்திருக்குமோ என்று புதுக் கட்டைப் பிரித்தான். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. அவன் வீட்டு மீன் குழம்புக்கு நான் அடிமை. அந்த மூன்று நாளும் அதுவும் போயிற்று.

பொம்மைப் பட்டறை குணசேகரன் மூன்றாம் நாள் நேரிலேயே வந்துவிட்டார். கிறிஸ்துமஸ் கடைகளுக்குப் பெட்டிகள் போய்ச் சேர வேண்டும். பொம்மைகள் வைக்கோலில் சுற்றி அடுக்கியாயிற்று, வைக்கப் பெட்டி இல்லை. எங்கள் முதலாளி ராமலிங்கம் அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கு அவர் குரலே மாறியிருந்தது.

“தப்பு யார்கிட்டன்னு எனக்கு இப்பவே தெரியணும். பிளேட்டா, மெஷினா?”

ஆரோக்கியம் என்னைப் பார்த்தான். நான் முந்திக்கொண்டேன்.

“பிளேட்டெல்லாம் சரியாத்தான் இருக்குது. இவன் கண்ணுலதான் கோளாறு. மொதல்ல ஒரு கண்ணாடி போடச் சொல்லுங்க.”

கிண்டலாகத்தான் சொன்னேன். எங்களுக்குள் இதைவிட மோசமான கிண்டலெல்லாம் உண்டு. குணசேகரன்கூடச் சிரித்தார். ஆரோக்கியம் தாளைக் கீழே வைத்துவிட்டு, “அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றான்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாள் கண்ணாடியோடு வந்தான். படிப்பதற்கு லேசாகப் பவர் வேண்டும் என்று சொன்னார்களாம். நாற்பதை நெருங்கும் யாருக்கும் சொல்வதுதான். அந்தக் கண்ணாடியோடு லென்ஸை வைத்துப் பழைய தாளின் குறிகளை வெகுநேரம் பார்த்தான். இடது பக்கத்துக் குறி அப்போதும் இரண்டாகத்தான் தெரிந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? அது இரண்டாகத்தானே இருந்தது!

நேராக முதலாளியிடம் போனான்.

“முதலாளி, கண்ணாடி போட்டும் எனக்கு ரெண்டாத்தான் தெரியுது. கண்ணு போயிட்டு இருக்குது போல. எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது, அப்புறம் மொத்தமா தெரியாமப் பூடுச்சு. நான் நின்னா உங்களுக்கு இன்னும் வேல கெட்டுப்பூடும். வேற ஆள் பாத்துக்கங்க.”

முதலாளி தடுத்துப் பார்த்தார். அவன் கேட்கவில்லை. மெஷின் பக்கத்தில் தொங்கிய மைத்துணியை மடித்து வைத்தான். மெஷினின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினான். பிளேட் அறை வாசலில் வந்து நின்று, “போயிட்டு வரேன்க்கா” என்றான்.

அவன் முதலாளியிடம் சொன்னதெல்லாம் என் அறைக்கும் கேட்டிருந்தது. அவன் அப்பா கதை அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஆனால் குற்ற உணர்ச்சி துளிகூட இல்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். பாவம், நல்ல பிள்ளைக்குக் கண் இப்படி ஆகிவிட்டதே என்று மட்டும்தான் நினைத்தேன்.

இடது பக்கத்துப் பின்

முதலாளி வேப்பூரிலிருந்து ஒரு மெஷின்மேனைத் தற்காலிகமாக வரச் சொன்னார். அவர் வருவதற்குள் மறுபடி நான்கு பிளேட் போட வேண்டியிருந்தது. இடம் பண்ணுவதற்காகக் கெட்டுப்போன பழைய பிளேட்டுகளை ஒதுக்கி அடுக்கினேன். அப்போதுதான் ஒன்றின் முன் விளிம்பில், இடது பக்கம், மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.

அடுத்ததைப் பார்த்தேன். அதிலும் அதே இடத்தில், கொஞ்சம் சின்னதாக. அதற்கடுத்ததில் இன்னும் சின்னதாக. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன்.

சந்தனம்.

மெஷினை அணைத்துவிட்டு மூடியைத் திறந்தேன். லேசர் தலை வேலையில்லாத நேரத்தில் இடது கோடியில் வந்து நிற்கும். அதைக் கையால் மெல்ல நகர்த்தினேன். அதன் மறைவில் இருந்தது இடது பக்கத்துப் பின். அதன் தலையில் பாதி உதிர்ந்து, மீதி கெட்டியாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

வைத்தது நான்தான்.

ஆயுத பூஜை அன்று அச்சகத்தில் பொட்டு வாங்காத பொருளே கிடையாது. பேப்பர் வெட்டும் மெஷின், கம்ப்யூட்டர், கத்தரிக்கோல், முதலாளியின் வண்டி, டீ வாங்கும் தூக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். ஆரோக்கியம் தன் மெஷினைக் கண்ணாடியாகத் துடைத்து வைத்துவிட்டு, “நம்ம மெஷினுக்கு நீங்களே வெச்சுடுங்கக்கா” என்று ஒதுங்கி நிற்பான். பொரி கடலையை மட்டும் முதல் ஆளாக வாங்கிக்கொள்வான்.

அந்த வருஷம் என் மெஷினின் மூடி மேல் பெரிய பொட்டாக வைத்த பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. மூடி என்ன வேலை செய்கிறது? உள்ளே அந்த மூன்று பின்கள்தானே வருஷம் பூராவும் என் மானத்தைக் காப்பாற்றுகின்றன? அன்பு பொங்கிவிட்டது. சுத்தம் செய்வதற்காக லேசர் தலையை நகர்த்தி மூடியைத் திறந்துதான் வைத்திருந்தேன். மூன்றுக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் இந்தக் குடில் பெட்டி வேலையைத் தொடங்குமுன் துடைத்தேன். சத்தியமாகத் துடைத்தேன். இரண்டை. மெஷினைப் போட்டதும் லேசர் தலை இடது கோடிக்கு வந்துவிட்டதால் மூன்றாவது கண்ணில் படவில்லை. என் கை பழக்கத்தில் துடைத்தது, மூன்று என்று எண்ணிப் பார்க்கவில்லை.

பிளேட் பின்னைத் தொடுவதற்குப் பதில் சந்தனத்தைத் தொட்டது. என் விரலுக்கு ‘டிக்’ வந்தது, ஆனால் ஒரு தாள் கனம் முன்னாலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு பிளேட் இடிக்கும்போதும் சந்தனம் கொஞ்சம் உதிர்ந்தது. அதனால் ஒவ்வொரு பிளேட்டும் ஒவ்வொரு கோணலில் உட்கார்ந்தது. மாறி மாறித் தப்பு வந்தது அதனால்தான். ஆரோக்கியம் முதல் நாளே ‘பிளேட்டு கோணலா இருக்குமோ’ என்று கேட்டான். அவன் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

அறையில் வேறு யாரும் இல்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துப் பின்னைத் துடைத்தேன். பளபளவென்று ஆகும்வரை துடைத்தேன். பஞ்சைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைக் கூடையின் அடியில் போட்டேன். பிறகு நான்கு பிளேட் போட்டேன்.

வேப்பூர்க்காரர் வந்து மாட்டினார். முதல் தாளிலேயே கலர் சேர்ந்துவிட்டது. மாதாவுக்கு ஒரே மூக்கு, அழகான மூக்கு.

முதலாளி தாளைத் தூக்கிப் பார்த்து மூச்சு விட்டார். “பாத்தியா அமுதா, ஆள மாத்தினதும் சரியா வந்துடுச்சு. நான்கூட நம்பல. பாவம், அவனுக்கு நெஜமாவே கண்ணு போயிடுச்சு.”

“ஆமாங்க” என்றேன்.

ஆமாங்க! என் வாயிலிருந்து வந்தது அதுதான். இந்தத் தொடரில் எத்தனையோ பேரை நையாண்டி செய்திருக்கிறேன். அன்றைக்கு என்னைப்போல் ஒரு ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டு நாள்

இரண்டு நாள் சும்மா இருந்தேன். வெளியில் சும்மா, உள்ளே சண்டை. சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம்கூடப் பெரிதாக இல்லை. வெட்கம்தான் பெரிது. ‘அமுதா பிளேட் தப்பாது’ என்று சுற்று வட்டாரத்தில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை நானே கிளப்பி, நானே வளர்த்து வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் வேப்பூர்க்காரர் டீ குடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். “இங்க முன்னாடி இருந்தவரு யாருக்கா? மெஷின இம்மாம் சுத்தமா வெச்சிருக்கற ஆள நான் பாத்ததில்ல. ஒரு திருகுகூட நான் தொடல. எல்லாம் அந்தந்த எடத்துல நிக்குது. இப்படிப்பட்ட ஆள ஏன் வுட்டீங்க?”

டம்ளரை வைத்துவிட்டு முதலாளி அறைக்குள் போனேன். நிறுத்தினால் பயம் வந்துவிடும் என்று நிற்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு வைத்தது, இரண்டை மட்டும் துடைத்தது, கண்டுபிடித்தது, மறைத்தது, ‘ஆமாங்க’ சொன்னது.

முதலாளி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

“டிரம்முக்குள்ள பொட்டு வைக்கச் சொல்லி யாரும்மா உனக்குச் சொன்னது?”

“யாரும் சொல்லலீங்க.”

“நானும்தான் அன்னைக்கு மூடி தெறந்திருக்கறப்ப சூடம் காட்டினேன். உள்ள எட்டிப் பாக்கல.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “வெச்சது தப்பில்ல. அவன் போனப்பறம் ரெண்டு நாளு வாயத் தொறக்காம இருந்தியே, அதத்தான் என்னால தாங்க முடியல. போ. நீயே போய்ச் சொல்லு. நாளைக்குக் காலைல மெஷின்ல அவன் நிக்கணும்.”

போகும்போது இரண்டு மூக்குத் தாள் ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. வெறும் கையோடு போகக் கூசியது.

பெண்ணாடம்

பஸ் முன்னால் கரும்பு டிராக்டர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார். எனக்கு அவசரமே இல்லை. இன்னும் நாலு டிராக்டர் வந்தாலும் நல்லது என்று இருந்தது.

ஆரோக்கியம் வீட்டு வாசலில் வேப்ப மரத்து நிழலில் உட்கார்ந்திருந்தான். எதிரில் ஒரு முறம் நிறைய மல்லாட்டை. உடைத்துப் பருப்பை ஒரு பக்கமும் தோலை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தான். எங்கள் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். பக்கத்தில் போன பிறகுதான் கவனித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்ணையும் மூடியிருந்தான்.

“தம்பி” என்றேன்.

கண்ணைத் திறந்தான். “அக்கா! வாங்க வாங்க. ஸ்டெல்லா, அக்கா வந்திருக்காங்க பாரு!”

அவன் மனைவி ஸ்டெல்லா தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். இளைத்திருந்தாள்.

“தூங்கிட்டியா?” என்று அவனைக் கேட்டேன்.

“இல்லக்கா.” கூச்சமாகச் சிரித்தான். “பழகிப் பாக்கறேன். கண்ணு மொத்தமா போறதுக்குள்ள கை பழகிட்டா நல்லதுல்ல?”

“நாலு நாளா இதே வேலதான்க்கா” என்றாள் ஸ்டெல்லா. “கண்ண மூடிக்கிட்டு வூட்டுக்குள்ள நடக்கறாரு. கொடத்துல இடிச்சுக்கறாரு. சட்டைக்குப் பித்தான் போடறாரு. புள்ளைங்க பாத்துப் பயப்படுதுங்க.”

தண்ணீரைக் குடிக்காமலே சொம்பைக் கீழே வைத்தேன். நின்றபடியே சொன்னேன். முதலாளியிடம் சொன்னபோது வராத அழுகை இங்கே வந்துவிட்டது. சந்தனம் என்றேன், பின் என்றேன், துடைத்தேன் என்றேன். முன்னுக்குப் பின் முரணாக உளறி, முதலிலிருந்து மறுபடி சொன்னேன். முதலாளி காலையில் வரச் சொன்னதையும் சொன்னேன்.

ஸ்டெல்லாதான் பேசினாள்.

“தெரிஞ்சு ரெண்டு நாளு சும்மா இருந்தீங்களா? ஏன்க்கா, உங்களத் தன் கூடப் பொறந்தவங்களா நெனச்சாருக்கா இவரு. ‘அக்காவே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன’ன்னு சொல்லிட்டு டாக்டரு வூட்டுக்குப் போனாரு. எங்க மாமனாரு கண்ணு தெரியாம இருந்தத பத்து வருஷம் பக்கத்துலருந்து பாத்தவரு. உங்களுக்கு ஒரு போன் போடக் கை வரலியா?”

திட்டட்டும், இன்னும் திட்டட்டும் என்று நின்றேன். அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பையிலிருந்த தாளை எடுத்து அவனிடம் நீட்டினேன். “நீ அன்னைக்குக் காட்டினது. நான் ஒழுங்காப் பாக்கவே இல்ல.”

வாங்கிப் பிரித்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான். தாளை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, வலது மூலைக் குறியைப் பார்த்தான். இடது மூலைக் குறியைப் பார்த்தான். மறுபடி வலது. மறுபடி இடது. மாதாவின் முகத்தருகே தாளைக் கொண்டுபோனான். திட்டுவான், எழுந்து போய்விடுவான், கொஞ்சம் அழுவான் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். பஸ்ஸில் வரும்போது எல்லாவற்றுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தேன்.

“இந்தப் பக்கம் சேந்திருக்குது. இந்தப் பக்கம் ரெண்டாத்தான் இருக்குது” என்று தாளிடம் சொன்னான்.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“அப்ப, என் கண்ணு நல்லாத்தான் இருக்குதாக்கா?”

கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். இவ்வளவுக்குப் பிறகும், நான் சொன்னால்தான் நம்புவேன் என்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.